தனியாகச் செத்த கவிஞனின் மனைவி

கேவின் பர்டியின் கவிதைப் புத்தகத்தை வாங்காத வீடு கில்பிரேயில் குறைவு. அதைப் படித்த வீடு அதைவிடக் குறைவு. நெசவாளி ஒருவன் புத்தகம் போட்டால் தெருக்காரர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வாங்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். கல்யாணத்துக்குப் போவது போல, சாவுக்குப் போவது போல, அதுவும் ஒரு கடமை. நூல் சாயம் போடும் ஒருவர் அதை ஆடுகிற தறியின் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார். கேவின் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல் வந்துவிட்டான். தெருவுக்குத் தெரு மூன்று கவிஞர்கள் இருந்த ஊரில் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் யாரோடும் பேச முடியாது.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கவிதை இல்லை. செத்தவர்களைப் பற்றி அவன் எழுதிய சிறு சிறு வாழ்க்கைக் குறிப்புகள். அந்த வட்டாரத்தில் வாரம் ஒருமுறை வரும் பத்திரிகையை நடத்திய சிம், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இறந்தபோது நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்டார். கேவின் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தான். வாத்தியார் குளிர்காலத்தில் பிள்ளைகளின் ஈரச் சாக்ஸைத் தன் கணப்பில் காயப்போட்டுவிட்டுப் பாடம் எடுத்ததை அதில் சொல்லியிருந்தான். ஊரே அழுதது. அதற்குப் பிறகு ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சவப்பெட்டி செய்கிறவரிடம் போய்விட்டு அடுத்து கேவினுடைய தறிக்கூடத்துக்கு வந்தார்கள். மண்தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து அப்பாவைப் பற்றி, அத்தையைப் பற்றிச் சொல்வார்கள். அவன் தறியில் நாடாவை வீசி நெய்துகொண்டே கேட்பான்.

கேட்டதையெல்லாம் எழுத மாட்டான். கஞ்சன், சிக்கனமானவர் ஆவார். குடிகாரன், பழகுவதற்கு இனிமையானவர் ஆவார். படிக்கிறவர்களுக்கும் உண்மை தெரியும். செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று விட்டுவிடுவார்கள். அப்படி எழுதி எழுதி, எதைச் சொன்னால் கண்ணீர் வரும், எதை விட்டால் கதை நிமிரும் என்பது கேவினுக்குக் கை தானாகச் செய்யும் வேலை ஆகிவிட்டது.

அவனுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருந்தவன் ஹியூ காத்கார்ட். அவன் உண்மையான கவிஞன். கேவினுக்கு அது மற்றவர்களுக்கு முன்பே தெரியும். ஹியூ தறி மிதித்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தால், மறுவாரம் அறுவடைக்குப் போகும் பெண்கள் அதைப் பாடுவார்கள், மறுமாதம் கிளாஸ்கோவில் பாடுவார்கள். கேவின் ஒரு வரிக்கு மூன்று நாள் மல்லுக்கட்டுவான். பொறாமை இருந்தது. ஆனால் ஹியூவின் பாட்டு நெஞ்சுக்குள் போகும்போது பொறாமை நிற்க இடமில்லாமல் போய்விடும். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து குடித்தார்கள். போதகரைக் கேலி செய்வதும் சேர்ந்துதான்.

ஹியூவின் கல்யாணத்துக்கும் கேவின்தான் சாட்சி. அது கோயிலில் நடக்கவில்லை. கோடைச் சந்தை நாளில், சத்திரத்து அடுக்களையில், ஹியூ எல்ஸ்பெத் மில்லிகனின் கையைப் பிடித்து, "இவ என் பொண்டாட்டி" என்றான். அவள், "இவன் என் புருஷன்" என்றாள். கேவினும், டாம் வைலி என்ற இன்னொரு நெசவாளியும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு நால்வரும் உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். அந்த நாட்டுச் சட்டத்துக்கு அவ்வளவு போதும். சபைக்குத்தான் போதாது. மூப்பர்கள் முன்னால் வந்து நின்று, முறைதவறிக் கட்டினோம் என்று தலைகுனிந்து ஒப்புக்கொண்டால்தான் சபை ஏட்டில் ஏற்றுவோம் என்றார்கள். ஹியூ போகவில்லை. குழந்தை ஜானெட் பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம் என்றபோதும் போகவில்லை. டாம் வைலி கனடாவுக்குக் கப்பல் ஏறினான். கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று பிறகு செய்தி வந்தது. அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவன் கேவின் ஒருவன்தான் மிச்சம்.

ஹியூவுக்கு நெஞ்சுச் சளி. தறிக்கூடத்து ஈரம் அதை விடவில்லை. பிப்ரவரி மாதம், சுவரோடு பதித்த அலமாரிக் கட்டிலில் அவன் இறந்தபோது அறையில் நிற்க இடமில்லை. எல்ஸ்பெத் அவன் வாய்க்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெசவுக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கும் மாஸ் கெமில் கோசுக்கீரைச் சாறு கொண்டுவந்து வைத்தாள். செருப்பு தைக்கும் சாண்டி கணப்பில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். கேவின் கால்மாட்டில் நின்றான்.

அடக்கம் முடிந்த மறுநாளே சிம் வந்தார். ஹியூவைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெண் விஷயத்தை மட்டும் தொடாதே என்றார். பத்திரிகையை வாங்குகிறவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போகிறவர்கள், சபை ஏற்காத கல்யாணத்தை அச்சில் கல்யாணம் என்று போட்டால் போதகர் மேடையிலேயே பேசிவிடுவார் என்றார். எழுதாமல் விடுவது பொய் ஆகாது என்றும் சொன்னார்.

கேவினும் எழுதாமல்தான் விடப் பார்த்தான். ஆனால் எல்ஸ்பெத்தை எடுத்துவிட்டால் அந்த மரணத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ இருந்தாக வேண்டும். இல்லை, யாருமே இல்லாமல் இருக்க வேண்டும். நெடுநேரம் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினான்:

"அந்தக் குளிர்ந்த அறையில் அவர் தனியாகச் செத்தார். மனைவி என்று ஒருத்தியை அவர் தேடவே இல்லை. கடைசி மூச்சு வரை அவர் அருகில் உட்கார்ந்திருந்தது கவிதை மட்டும்தான்."

எழுதி முடித்ததும் கையில் மயிர் சிலிர்த்தது. இத்தனை வருஷம் மல்லுக்கட்டியும் வராத ஒன்று வந்துவிட்டது என்று தெரிந்தது. அது பொய் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தது. தாளை மடித்துச் சிம்மிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

பத்திரிகை வந்த அன்று எல்ஸ்பெத் தறிக்கூடத்துக்கு வந்தாள். அவளுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். ஹியூவின் காலித் தறியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கேவின், அப்போ அந்தக் கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு நின்னது யாரு?"

பத்திரிகைக்கு எழுதுகிற முறை அப்படி என்றான் அவன். சிம்முக்கு இருந்த சங்கடத்தைச் சொன்னான். ஹியூவின் கவிதைகளைப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறோம், அதன் முன்னால் முழு வாழ்க்கை வரலாறு எழுதுவேன், அதில் நீ இருப்பாய், ஜானெட் இருப்பாள், சத்திரத்து அடுக்களை இருக்கும் என்றான்.

"இருப்பேனா?"

"சத்தியமா."

"சரி. புத்தகத்துல என்னைப் புடிச்சி உள்ள உக்கார வச்சிரு." சொல்லிவிட்டு அவள் போனாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குள் அந்த மூன்று வரி அவன் கையைவிட்டுப் போய்விட்டது. கிளாஸ்கோ பத்திரிகை ஒன்று எடுத்துப் போட்டது. பிறகு எடின்பரோவில் ஒன்று. தனியாகச் செத்த நெசவுக் கவிஞனின் புத்தகத்துக்கு, கில்பிரே எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். எடின்பரோப் பதிப்பாளர் ஒருவர் தானாக முன்வந்தார். நேரில் வந்து, கேவினை மிஸ்டர் பர்டி என்று அழைத்து, சத்திரத்தில் ஆட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சாவிலிருந்தே புத்தகம் தொடங்க வேண்டும், ஜனங்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்றார். இது நன்றாகப் போனால் இன்னும் இரண்டு மூன்று கவிஞர்களின் வரலாற்றை நீங்களே எழுதலாம், தறியை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். கேவின் எல்ஸ்பெத்தைப் பற்றி வாயெடுத்தான். வீட்டுவேலைக்கு ஒரு பெண் இருந்தாள் என்று கேள்விப்பட்டேன், பின்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பதிப்பாளர். கேவின் இறைச்சியை மென்றுகொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் மேத்யூ வழக்குப் போட்டான். மேத்யூ காத்கார்ட் ஹியூவின் தம்பி. துணிக்கடை வைத்திருந்தான், சபையில் மூப்பன். ஹியூ இருந்த வீடு அவர்கள் அப்பா கட்டியது. ஹியூவுக்கு மனைவியும் பிள்ளையும் இல்லையென்றால் அது மேத்யூவுக்கு. மனைவி உண்டென்றால் மகள் ஜானெட்டுக்கு. எல்ஸ்பெத் மில்லிகன் என்ற வேலைக்காரி வீட்டைக் காலி செய்ய மறுக்கிறாள் என்று மேத்யூ எழுதிக் கொடுத்தான். அண்ணன் கல்யாணம் ஆகாதவர் என்பதற்குச் சாட்சியாக, அவருடைய உயிர் நண்பரே எழுதியது என்று அந்தப் பத்திரிகையை இணைத்திருந்தான்.

எல்ஸ்பெத்திடம் காட்ட ஏடு எதுவும் இல்லை. ஆனால் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், ஊரும் அப்படியே நம்பியிருந்தால், அதுவே கல்யாணம் என்று எடுத்துக்கொள்ளும் சட்டம் அங்கே இருந்தது. கேவினின் எழுத்து எதிர்ப்பக்கம் இருக்க, அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

மேத்யூ கேவினைக் கடைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தான். குரலை உயர்த்தவே இல்லை. நீ எனக்காக எதுவும் செய்ய வேண்டாம், நீ எழுதியது எழுதியதாக இருக்கட்டும் என்றான். அப்புறம் கதவு வரை வந்து வழியனுப்பினான்.

எதுவும் செய்யாமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது. வேறு சாட்சிகள் வந்துவிட்டால் தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, புத்தகமும் தப்பிக்கும், எல்ஸ்பெத்தும் தப்பிப்பாள் என்று கேவினுக்குத் தோன்றியது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று வீடு வீடாகப் போனான். முதலில் சாண்டியிடம். சாண்டி வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு செருப்பு தைத்துக்கொண்டிருந்தான். ஹியூவின் பெயரைச் சொன்னதும் ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டான். கண் கலங்கியது.

"அந்த மனுஷன் தனியாக் கெடந்து செத்தத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"யோவ் சாண்டி, நீதானேய்யா அன்னிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தே?"

"போட்டேன். அதுக்கென்ன? மனசால அவன் தனியாத்தானே இருந்தான். எவ்வளவு அழகா எழுதியிருக்கே. எம் பொண்ணு அத மனப்பாடமாச் சொல்லுவா, சொல்லச் சொல்லட்டுமா?"

கேவின் வேண்டாம் என்று வெளியே வந்தான். அடுத்த வீட்டிலும் அதே கதை. எல்ஸ்பெத் கையால் ஓட்ஸ் ரொட்டி வாங்கித் தின்றவர்கள், ஜானெட்டைத் தொட்டிலில் ஆட்டியவர்கள், அவனைப் பார்த்ததும் அவனுடைய வரிகளையே திருப்பிச் சொன்னார்கள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. எடின்பரோக்காரர்கள் வாய்விட்டு அழுகிற ஒரு சாவு தங்கள் தெருவில் நடந்தது என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை வந்திருந்தது. அந்தப் பெருமைக்குள் எல்ஸ்பெத்துக்கு இடமில்லை. அவளை இப்போதெல்லாம் கிணற்றடியில் பார்த்தால், அந்த வீட்டில் இருக்கிற அம்மா என்றார்கள்.

மாஸ் கெமில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசினாள். வயதானவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். ராட்டையை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஊரெல்லாம் சாட்சி தேடுறியே, நீ போகலையாடா?"

"நான் பத்திரிகையில எழுதுனதத்தானே அவங்க சாட்சியாக் காட்டுறாங்க."

"அதத்தான் கேக்குறேன். எழுதுனவன் வாய மூடிக்கிட்டா, நாங்க சொன்னா யாரு நம்புவா? நீ படிச்சவன், நாங்க தார் சுத்துறவங்க."

அன்றைக்குக் கேவின் தறியில் உட்கார்ந்து ஒரு முழம்கூட நெய்யவில்லை. அவன் பயந்தது சபைக்கு இல்லை, மேத்யூவுக்கும் இல்லை. அந்த மூன்று வரியை விட்டுக்கொடுத்தால் தன்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை என்பதற்குத்தான் பயந்தான். அவன் கவிதைகள் தறிக்கால் அண்டைக்குத்தான் ஆயின. இந்த மூன்று வரியால்தான் அவன் மிஸ்டர் பர்டி ஆனான். ஆனாலும் மாஸ் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. கடைசியில் பதிப்பாளருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான், வழக்கில் தான் எல்ஸ்பெத்தின் பக்கம் சாட்சி சொல்லப் போவதாக. இரண்டு நாள் கழித்து அவர் நேரில் வராமல் தன் குமாஸ்தாவை அனுப்பினார். நன்றாக யோசித்துக்கொள்ளச் சொன்னார் என்று மட்டும் அவன் சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கு பெய்ஸ்லி நகர நீதிமன்றத்தில் நடந்தது. கில்பிரேயிலிருந்து பாதித் தெரு நடந்தே வந்திருந்தது. கேவின் சத்தியம் செய்துவிட்டு, சந்தை நாளையும் சத்திரத்து அடுக்களையையும் சொன்னான். ஹியூ என்ன சொன்னான், எல்ஸ்பெத் என்ன சொன்னாள், டாம் வைலி எங்கே நின்றான் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். ஹியூ இறந்தபோது எல்ஸ்பெத் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னான். மேத்யூவின் வக்கீல் கிளாஸ்கோக்காரர், இளம் வயது. அவர் பத்திரிகையை விரித்து அந்த மூன்று வரியையும் நிதானமாகப் படித்தார். நன்றாகவே படித்தார். படித்து முடித்ததும் கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இதை எழுதியது நீர்தானே?"

"நான்தான்."

"இதில் மனைவி இல்லை என்கிறீர். இப்போது மனைவி உண்டு என்கிறீர். எது பொய்?"

"எழுதுனது பொய்."

"சிம் எழுதச் சொன்னாரா?"

கேவின் சிம்மைப் பார்த்தான். சிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"அவளப் பத்தி எழுத வேணாம்னு சொன்னார். இப்படி எழுதுன்னு சொல்லல."

"பிறகு ஏன் எழுதினீர்?"

"நல்லா இருந்துச்சு, ஐயா."

கூடம் சிரித்தது. நீதிபதியின் எழுத்தர்கூடப் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். வக்கீல் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, இன்று சத்தியம் செய்து சொன்னதும் நன்றாகத்தான் இருந்தது, அடுக்களை, மீன், உருளைக்கிழங்கு எல்லாம் கண்முன் வந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேவின் சாட்சிக் கூண்டிலேயே நின்றான். போகலாம் என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் இறங்கினான்.

அடுத்து மாஸ் கெமிலைக் கூப்பிட்டார்கள். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவள் கூண்டில் ஏறியதும் கூட்டத்தைப் பார்த்து, சந்தையில கரடி ஆடுதுன்னு நெனச்சீங்களா என்றாள். பிறகு நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வக்கீல் அவளிடம், ஊரில் எல்லாரும் அந்தப் பெண்ணை எல்ஸ்பெத் மில்லிகன் என்றுதானே கூப்பிடுகிறார்கள், காத்கார்ட் என்று யாரும் கூப்பிடவில்லையே என்று கேட்டார்.

"நான் கெமில், அது பொறந்த வீட்டுப் பேரு. எம் புருஷன் டொனால்ட்சன். நாப்பது வருஷமாச்சு. அவர் கல்லறைக்குப் பக்கத்துல எனக்குக் கல்லு வச்சாலும் கெமில்னுதான் வெட்டுவாங்க. உங்கம்மாவுக்கு எப்படிங்க ஐயா?"

வக்கீல் முகம் சிவந்தது. கேள்வியை மாற்றினார். அவள் வேலைக்காரி இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"அவ ஹியூவத் திட்டுன திட்டு வேலைக்காரி திட்டியிருந்தா மறுநாள் வேலை இருக்காது."

இந்தத் தரம் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மாஸ் சிரிக்கவிடாமல் மேலே சொன்னாள். எந்தச் சாவு வீட்டிலும் அடக்கத்தன்று ஆண்கள் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், அந்த வீட்டுக்காரி வந்தவர்களுக்கெல்லாம் விஸ்கியும் ரொட்டியும் எடுத்துக் கொடுப்பாள். அதை வீட்டுக்காரிதான் கொடுக்க வேண்டும், வேறு யார் கொடுத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். அன்று எல்ஸ்பெத் கொடுத்தாள்.

"இதோ உக்காந்திருக்கானே மேத்யூ, அவனும் வாங்குனான். கிளாஸக் கையில வாங்கிக்கிட்டு, 'மனசத் தேத்திக்கோங்க அண்ணி'ன்னான். எல்லாருந்தான் கேட்டோம். கேவினும் அங்கதான் நின்னான். ஏன்டா கேவின், நீயும் கேட்டேதானே?"

கேவினுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. கேட்டிருந்தான். தனியாகச் செத்தவனின் வீட்டில் அண்ணிக்கு இடமில்லாததால், எழுத உட்கார்ந்த அன்றே அது அவன் தலையிலிருந்து போய்விட்டிருக்கிறது. மாஸ் சொன்ன பிறகு சாண்டி எழுந்தான். பின்னால் தண்ணீர் தூக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். ஒருவர் பின் ஒருவராகத் தாங்களும் கேட்டதாகச் சொன்னார்கள். மேத்யூவைக் கேட்டபோது அவன் இல்லை என்று சொல்லவில்லை. சபை மூப்பன், சத்தியம் செய்திருந்தான். துக்கத்தில் வாய் தவறியிருக்கலாம் என்றான்.

தீர்ப்பு எல்ஸ்பெத்துக்குச் சாதகமாக வந்தது. வீடு ஜானெட்டுக்கு. அக்கம்பக்கத்தார் சொன்னதையும் அடக்கத்தன்று நடந்ததையும் வைத்தே இந்த முடிவு என்று நீதிபதி சொன்னார். கேவின் பர்டி அச்சில் எழுதியதையும் கணக்கில் எடுக்கவில்லை, அவன் சத்தியத்தையும் எடுக்கவில்லை என்றார். நன்றாக இருந்ததால் எழுதினேன் என்று சொல்கிற ஒருவரின் சொல்லை எந்தப் பக்கத்திலும் தராசில் வைக்க முடியாது என்றார். திரும்பி நடந்த வழியில் பெண்கள் எல்ஸ்பெத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கேவின் பின்னால் தனியாக வந்தான்.

பதிப்பாளர் அவனைக் கைவிட்டார். ஆனால் புத்தகத்தைக் கைவிடவில்லை. எடின்பரோ எழுத்தாளர் ஒருவர் வரலாற்றை எழுதினார். அடுத்த வசந்தத்தில் புத்தகம் வந்தபோது சிம் ஒரு பிரதியைக் கொண்டுவந்து, தறிப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். கேவின் முதல் பக்கத்தைத் திறந்தான். குளிர்ந்த அறை இருந்தது. கவிதை மட்டும் அருகில் உட்கார்ந்திருந்தது. ஒரு சொல் மாறவில்லை. அவன் பெயர் எங்கும் இல்லை, எல்ஸ்பெத்தின் பெயரும் இல்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். அவள் கணப்பு முன்னால் ஜானெட்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் உண்மையை எழுதுகிறேன் என்றான். சிறு புத்தகமாக, என் பெயரில், யாரும் போடாவிட்டால் நானே போடுவேன், சத்திரத்திலிருந்து கிண்ணம் வரை எல்லாம் இருக்கும் என்றான். பேசப் பேச அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எப்படித் தொடங்குவது என்பதுகூட அவனுக்குள் உருவாகிவிட்டது. எல்ஸ்பெத் சீப்பை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம் கேவின்."

"ஏன்?"

"நீ எழுதுனா நல்லா எழுதுவே. அதான் பயமா இருக்கு."

அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக் கணப்பில் போட்டாள்.

"கோர்ட்டுல கிண்ணத்தப் பத்திச் சொன்னியே, அதக் கேட்டே ரெண்டு பொம்பளைங்க அழுதாங்க. எனக்கு அழுகை வரல. அன்னிக்கு எனக்குக் கை வலிச்சிச்சு, அவ்வளவுதான். என்னைப் பத்தி நீ ஒரு வரி எழுதக் கூடாது. கேக்குறவங்க கேட்டா வாயால சொல்லு. உனக்கு வாயில அவ்வளவு வராது, அது எனக்குப் போதும்."

ஜானெட் தலை இழுக்கிறது என்று முனகினாள். எல்ஸ்பெத் திரும்பிக்கொண்டாள்.

அதோடு கேவின் எழுதுவதை விட்டான். சாவு வீட்டுக்காரர்கள் வருவதும் நின்றுவிட்டது. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பான் என்று சொல்ல முடியாது. ஆனால் வாயால் சொல்வதை அவன் விடவில்லை. கோடை வந்ததும் ஹியூவின் வீட்டைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கேவின் தறியை நிறுத்திவிட்டு வெளியே வருவான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவர் தனியாகச் சாகவில்லை, பொண்டாட்டி இருந்தாள், நானே சாட்சி என்பான். திக்கித் திக்கித்தான் வரும். முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் வரும். உள்ளூர்ச் சிறுவர்கள் அவனுக்குப் 'பொண்டாட்டி பர்டி' என்று பெயர் வைத்தார்கள். எதிரில் வந்தால் பெரியவர்களே வேறு பக்கம் போனார்கள்.

ஒருநாள் எடின்பரோவிலிருந்து ஒரு பாடசாலை ஆசிரியையும் அவளுடைய அக்காவும் வந்தார்கள். கேவின் வழக்கமானதைச் சொன்னான். ஆசிரியை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கோபமில்லாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஆனால் இதில் இப்படியல்லவா இருக்கிறது என்று முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். இனிமையான குரல். அக்கா கைக்குட்டையை எடுத்தாள்.

"இதை எழுதுனவர் அவரோட ரொம்ப நெருங்கிப் பழகியிருக்கணும்" என்றாள் ஆசிரியை.

"பழகினான்" என்றான் கேவின். "அது நான்தான்மா எழுதுனது."

அவள் முகத்தில் இரக்கம் வந்தது. அவன் கையில் ஒரு செம்புக்காசை வைத்துவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் நடந்தாள்.

அவன் போய்த் தடுத்து மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து வருகிறவர்கள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அவசர அவசரமாகப் பேசத் தொடங்கிவிடுகிறான். திறந்து படித்துவிட்டால் வம்பு. அந்த வரிகள் காதில் விழுந்த கணத்தில், கால்மாட்டில் நின்றிருந்த அவனுக்கே, அந்த அறையில் எல்ஸ்பெத் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறாள்.